வலவனை மறந்த வண்டி

சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். ‘தமிழ்ப் புனைகதையில் ரயில்’ என்பது அன்றைய பொருள். நால்வர் பேசினர், நன்றாகவே பேசினர். ஜன்னலோர இருக்கை, எதிர் இருக்கையில் வந்தமரும் அந்நியர், நள்ளிரவில் ஏதோ ஒரு சந்திப்பில் கேட்கும் தேநீர்க்காரரின் குரல், கையசைத்துப் பிரியும் நடைமேடை என்று இரண்டு மணி நேரம் ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. கேள்வி நேரத்தில் நாம் எழுந்து, “இத்தனை ரயில்களையும் இழுத்துச் சென்றது எது? அதற்குள் இருந்தவர் யார்?” என்று கேட்டோம். அவையில் சிரிப்பு எழுந்தது. நண்பர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: “அதெல்லாம் தொழில்நுட்ப விஷயம் ஐயா, இலக்கியத்துக்கு அங்கே என்ன வேலை?” இக்கட்டுரை அந்தச் சிரிப்புக்கு நாம் தரும் பதில்.

எழுதியவர்கள் மீது குற்றம் சுமத்துவது நம் நோக்கமன்று. தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ ஒரு ரயில் பயணத்தில் நிகழும் கதை. அதன் மகத்துவம் முழுவதும் பெட்டிக்குள்ளேயே நிறைந்திருக்கிறது. அங்கே எஞ்சினைத் தேடுபவன் ரசனையற்றவன். நம் வழக்கு எழுத்தாளர்களோடு அன்று, வாசகர்களாகிய நம்மோடுதான். பெட்டிக்குள் நடப்பது வாழ்க்கை, எஞ்சினுக்குள் நடப்பது தொழில்நுட்பம் என்று பிரித்து வைத்த மனப்பழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது அப்பாவித்தனமான பழக்கமன்று. அதன் மறைவில் ஓர் அநீதி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வசதியாக வாழ்ந்து வந்திருக்கிறது.

அந்த அநீதியைச் சொல்வதற்கு முன், எஞ்சின் என்பது என்ன, அது ஒரு வண்டிக்கு எப்படி ஒதுக்கப்படுகிறது என்பதைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். பொறுமையிழக்க வேண்டாம். அநீதி அந்த விவரங்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

*

நம்மில் பலர், வண்டி புறப்படும் நேரத்தில் கைக்குக் கிடைத்த ஏதோ ஓர் எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படியன்று. எஞ்சினின் உடலில் எழுதியிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். ‘டபிள்யூ.ஏ.பி.-7’ என்று இருக்கும். பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இதைப் பிரிப்பது எளிது. முதலெழுத்து பாதையின் அகலத்தைச் சொல்கிறது: ‘டபிள்யூ’ அகலப்பாதை, ‘ஒய்’ மீட்டர் பாதை. இரண்டாம் எழுத்து அது எதைத் தின்று ஓடுகிறது என்பது: ‘ஏ’ மாறுதிசை மின்சாரம், ‘டி’ டீசல். மூன்றாவது அதன் தொழில்: ‘பி’ பயணியர் வண்டிக்கு, ‘ஜி’ சரக்கு வண்டிக்கு, ‘எம்’ இரண்டுக்கும். கடைசி எண் அதன் வகையைக் குறிக்கும். சென்னைக் கடற்கரைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மீட்டர் பாதையில் ஓடிய ஜப்பானிய மின் எஞ்சினின் பெயர் ‘ஒய்.ஏ.எம்.-1’. இப்போது அந்தப் பெயரை வாசகர்களே பிரித்துப் பொருள் சொல்லிவிடுவார்கள்.

சரக்கு எஞ்சினுக்கும் பயணியர் எஞ்சினுக்கும் வேறுபாடு வெறும் வண்ணத்தில் இல்லை. சித்தரஞ்சன் ஆலையில் 2000-ஆம் ஆண்டு முதன்முதலாகச் செய்யப்பட்ட டபிள்யூ.ஏ.பி.-7, டபிள்யூ.ஏ.ஜி.-9 என்னும் சரக்கு எஞ்சினின் உடன்பிறப்பு. பல்சக்கர விகிதத்தை மாற்றி, இழுவிசையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, வேகத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறன், 123 டன் எடை. இன்று நாம் ஏறும் நீண்ட விரைவு வண்டிகள் பலவற்றை, 24 பெட்டிகளோடு, இழுத்துச் செல்வது அதுதான். அதற்கு முந்திய தலைமுறையான டபிள்யூ.ஏ.பி.-4 ஐயாயிரம் குதிரைத்திறன் கொண்டது. 1990-களிலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நம் பயணங்களைச் சுமந்தது.

ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு வீடு உண்டு. அதன் பக்கவாட்டில் ஈரோடு, அரக்கோணம், ராயபுரம் என்று ஓர் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். அதுதான் அதன் லோகோ ஷெட். எங்கே சுற்றினாலும் குறித்த நாளில் அது அங்கே திரும்பியாக வேண்டும். சக்கரம், பிரேக், மோட்டார், கூரைமேல் மின்கம்பியைத் தொடும் பான்டோகிராஃப் அனைத்தும் அங்கே சோதிக்கப்படும். ஓர் எஞ்சின் எந்த வண்டியை எங்கே கொண்டுபோய் விட்டு, அங்கிருந்து எந்த வண்டியைப் பிடித்துத் திரும்பும் என்பதற்கு முன்கூட்டியே ஒரு சங்கிலி எழுதப்பட்டிருக்கும். ரயில்வேக்காரர்கள் அதை ‘லிங்க்’ என்பார்கள். அந்தாதி போல. ஒரு வண்டியின் முடிவு அடுத்த வண்டியின் தொடக்கம். லிங்கில் தகுதியில்லாத எஞ்சினை இடமாட்டார்கள். இந்த ‘தகுதி’ என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வாதம் முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

*

எஞ்சின் ஒதுக்கீட்டின் வரலாறு என்பது, பாதையும் வண்டியும் கேட்டவற்றுக்கெல்லாம் ரயில்வே பணிந்து வந்ததன் வரலாறு.

மலை கேட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். சாதாரணச் சக்கரம் வழுக்கும். தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசைத் தண்டவாளம் பதித்து, அதைக் கவ்வும் பற்சக்கரம் கொண்ட ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சினைச் சுவிட்சர்லாந்திலிருந்து தருவித்தார்கள். எஞ்சின் வண்டியின் முன்னால் நின்று இழுப்பதில்லை. கீழ்ப்புறம் நின்று தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் உருளக்கூடாது என்ற முன்யோசனை அது. மும்பைக்கும் புனேக்கும் இடையே போர் மலைக்கணவாயில் 37-க்கு 1 ஏற்றம். அங்கே கர்ஜத் நிலையத்தில் வண்டியின் வாலில் கூடுதல் எஞ்சின்களைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

மின்னழுத்தம் கேட்டது. மும்பைப் பகுதியில் நீண்ட காலம் 1,500 வோல்ட் நேர்மின்சாரமும், அதைக் கடந்தால் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரமும் இருந்தன. ஒன்றைத் தின்னும் எஞ்சினுக்கு மற்றது ஆகாது. எல்லையில் வண்டியை நிறுத்தி எஞ்சின் மாற்ற மனமில்லாமல், இரண்டையும் செரிக்கக்கூடிய ‘டபிள்யூ.சி.ஏ.எம்.’ என்ற தனி இனத்தையே உருவாக்கினார்கள். மும்பையின் கம்பிகளெல்லாம் 25,000 வோல்ட்டுக்கு மாறியபின் அந்த இரட்டைச் செரிமானத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

பிறகு குளிர்சாதனப் பெட்டி கேட்டது. இந்தக் கதை சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. பெரம்பூரில் செய்யப்பட்ட பழைய நீலப்பெட்டிகளில் விளக்குக்கும் விசிறிக்கும் வேண்டிய மின்சாரத்தை, சக்கர அச்சோடு பட்டையால் இணைந்த மின்னாக்கி, ஓடும்போதே உண்டாக்கிக்கொள்ளும். ஜெர்மானிய வடிவமைப்பில் வந்த எல்.எச்.பி. பெட்டிகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே வண்டியின் இரு முனைகளிலும் ‘பவர் கார்’ என்னும் டீசல் மின்னாக்கிப் பெட்டிகளை மாட்டினார்கள். தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடிக்கொண்டிருக்க, அதன் அடியிலேயே டீசலை எரித்து, புகையையும் இரைச்சலையும் கக்கியபடி விளக்கெரித்த விசித்திரம் அது. வாலில் இணைந்த பெட்டியில் படுத்துப் பயணம் செய்தவர்களுக்கு அந்த உறுமல் நினைவிருக்கும்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் ‘ஹெட் ஆன் ஜெனரேஷன்’ என்ற முறை. எஞ்சினே மேற்கம்பியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியை மாற்றி, 750 வோல்ட்டாகப் பெட்டிகளுக்கு அனுப்பிவிடும். இதற்கு எஞ்சினுக்குள் 500 கே.வி.ஏ. திறனுள்ள மாற்றிகள் இரண்டு பொருத்தப்பட வேண்டும். பழைய டபிள்யூ.ஏ.பி.-4-இல் அந்த வசதி கிடையாது. ஆகவே புதிய வகை எஞ்சின்களில் மாற்றியைப் பொருத்தி, அவற்றை இந்த வண்டிகளின் லிங்கில் சேர்த்தார்கள். டீசல் மிச்சமாயிற்று. ஒரு பவர் காரை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, மற்றொன்றின் இடத்தைப் பயணிகளுக்கும் சரக்குக்கும் தர முடிந்தது. நல்ல காரியம். பாராட்ட வேண்டியது. நாமும் பாராட்டுகிறோம்.

ஆனால் இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளவும் வேண்டும். ‘இந்தக் கருவி இல்லாத எஞ்சின் இந்த வண்டிக்குத் தகுதியற்றது’ என்று விதி எழுதவும், அதற்கேற்ப நூற்றுக்கணக்கான எஞ்சின்களைத் திருத்தவும், லிங்குகளை மாற்றியமைக்கவும் ரயில்வேக்குத் தெரியும். முடியாது என்பதல்ல. எது ‘தகுதி’, எது ‘வசதி’ என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே கேள்வி.

*

நம் கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த இயற்பியல் மாணவர் ஒருவர் இருந்தார். பட்டம் முடித்து, வேலை கிடைக்காமல் ஐ.டி.ஐ. பயின்று, தேர்வெழுதி இன்று உதவி லோகோ பைலட்டாக இருக்கிறார். ஒருமுறை நிலையத்தில் எதிர்ப்பட்டார். கருநீலச் சட்டை, கையில் பெட்டி, கண்களில் தூக்கமின்மை. கோடைக் காலம். நாம் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை நீட்டினோம். “வேண்டாம் ஐயா, ஏறப்போகிறேன்” என்றார். புரியாமல் விழித்தோம். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார்: பணிக்கு ஏறுமுன் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது அவர்களிடையே எழுதப்படாத பாடம். அவர் ஏறவிருந்த எஞ்சினில் கழிவறை இல்லை.

நாற்பது பாகை வெயிலில், அதைவிடச் சூடான ஓர் இரும்பறைக்குள் ஏறப்போகும் மனிதர் தண்ணீரை மறுக்கிறார். அவர் பின்னால் இருபத்திரண்டு பெட்டிகள். பெட்டிக்கு நான்கு கழிவறை வீதம் எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு மேல் உறங்கியபடி வருகிறார்கள். அத்தனை பேரின் உயிரும் தாகத்தோடிருக்கும் இருவர் கையில்.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணியர் வண்டி ஓடியது. அதை இழுத்த எஞ்சின்கள் மூன்று; சாஹிப், சிந்து, சுல்தான் என்று அவற்றின் பெயர்கள் இன்றும் பாடப்புத்தகங்களில் உள்ளன. ஓட்டியவர்களின் பெயர்களைப் பள்ளிப் பிள்ளை எவரும் படிப்பதில்லை. 1909-இல் ஒகில் சந்திர சென் என்னும் பயணி, வண்டியில் கழிவறை இல்லாததால் தான் பட்ட அவமானத்தைச் சாகிப்கஞ்ச் அலுவலகத்துக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் தப்பும் தவறுமான ஆங்கிலத்தைச் சொல்லிச் சொல்லி நாம் இன்றுவரை சிரிக்கிறோம். தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் அது காட்சிப்பொருள். பயணியின் அவமானமாவது சிரிப்பாகிப் பின் சீர்திருத்தமாயிற்று. எஞ்சினுக்குள் இருந்தவரின் அவமானம் சிரிப்பாகக்கூட ஆகவில்லை. எஞ்சினில் உயிரிக் கழிவறை பொருத்தி ரயில்வே அமைச்சர் கொடியசைத்தது 2016-இல். முதல் வண்டி ஓடி 163 ஆண்டுகள் கழித்து.

சரி, வந்துவிட்டதல்லவா என்பீர்கள். அந்த முதல் வடிவமைப்பின் ஒரு நிபந்தனையைக் கேளுங்கள்: எஞ்சின் முற்றிலும் நின்று, பிரேக் போடப்பட்டிருந்தால்தான் கழிவறையைப் பயன்படுத்த முடியும். பாதுகாப்பு கருதிய ஏற்பாடு, தவறென்று சொல்லமாட்டோம். ஆனால் நிற்காமல் ஓடும் வண்டியில் அது பூட்டிய அலமாரி. இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தில், சமிக்ஞையிலிருந்து கண்ணெடுக்க அஞ்சும் மனிதருக்கு அது இருந்தும் இல்லாதது. கழிவறையை முழுமையாக்குவது கதவு அன்று, நேரம்.

அந்த நேரத்தைத்தான் லோகோ பைலட்டுகளின் சங்கங்கள் கேட்டன. உண்பதற்கும் இயற்கைக் கடன் கழிப்பதற்கும் பணிக்கிடையில் வரையறுத்த இடைவேளை வேண்டும் என்றன. 2025 ஏப்ரலில் ரயில்வே வாரியம் தன் குழுவின் முடிவை ஏற்று விடையளித்தது: அப்படி ஓர் இடைவேளையை விதியாக வகுப்பது நடைமுறைக்கு இயலாது. அதே குழு இன்னொன்றையும் ஆராய்ந்தது. எஞ்சின் அறைக்குள் பணியாளரின் குரலையும் உருவத்தையும் இடைவிடாது பதிவு செய்யும் கருவியைப் பொருத்துவது சரியா என்பது அது. சரிதான், அதனால் அவர்களின் அந்தரங்கம் பாதிக்கப்படாது என்று அது முடிவு செய்தது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். கண்காணிக்கும் கண்ணுக்கு எஞ்சினில் இடமுண்டு. கண்காணிக்கப்படும் உடலுக்கு நேரமில்லை. நமக்குத் தெரிந்தவரை இதைவிடக் கூர்மையான அங்கதத்தை அண்மைக்காலத்தில் எந்தத் தமிழ் எழுத்தாளரும் எழுதவில்லை.

எஞ்சினில் ஏற்கெனவே ஒரு விழிப்புக் கருவி இருக்கிறது. ஏறத்தாழ 60 விநாடிகளுக்கு ஓட்டுநரிடமிருந்து எந்த அசைவும் இல்லையென்றால் அது விளக்கை மினுக்கும், பிறகு ஒலியெழுப்பும், அதற்கும் பதில் இல்லையென்றால் தானே பிரேக் போட்டுவிடும். நல்ல கருவி; உயிர் காக்கும் கருவி. ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை ‘விழித்திருக்கிறாயா?’ என்று கேட்கத் தெரிந்த நிர்வாகம், ஒன்பது மணி நேரத்தில் ஒருமுறையாவது ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டிருக்கலாம்.

*

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. அவற்றையும் பார்த்துவிடுவோம்.

இடமில்லை என்பது ஒன்று. ஏறத்தாழ இருபது மீட்டர் நீளமுள்ள எஞ்சின் அது. ஆயிரம் கே.வி.ஏ. அளவுக்கு மாற்றிகளை நுழைக்க அதற்குள் இடம் கிடைத்தது. அதற்கு இடம் கண்டவர்களுக்கு இதற்கும் காணத் தெரியும்.

வண்டி தாமதமாகும் என்பது இரண்டாவது. மின்பாதை முடியும் சந்திப்புகளில் எஞ்சின் மாற்றுவதற்காக நம் வண்டிகள் காத்து நின்ற காலம் வெகுதூரத்தில் இல்லை. ஈரோட்டில் மின்சார எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டும்வரை நாம் இறங்கித் தேநீர் குடித்திருக்கிறோம். அகலப்பாதை ஏறத்தாழ முழுவதும் மின்மயமான இன்று அந்த நேரம் அனைத்தும் ரயில்வேக்கு மிச்சம். மிச்சமான அந்த நேரத்தில் பத்து நிமிடத்தை, எஞ்சினுக்கன்றி எஞ்சினுக்குள் இருப்பவருக்குக் கொடுத்தால் கால அட்டவணை சரிந்துவிடாது. பயணிகளாகிய நாம் முணுமுணுப்போம் என்பது உண்மைதான். நாம் முணுமுணுப்போம் என்ற அச்சமே அவர்களைத் தாகத்தோடு வைத்திருக்கிறது என்றால், இந்த அநீதியில் நமக்கும் பங்குண்டு.

நிலைமை மாறி வருகிறது என்பது மூன்றாவது. இது மெய். அண்மைக்காலப் புதிய எஞ்சின்கள் குளிரூட்டிய அறையோடு வருகின்றன, பழையவற்றிலும் பொருத்துகிறார்கள், ஓய்வறைகள் மேம்பட்டிருக்கின்றன. மறைப்பது நேர்மையாகாது. ஆனால் குளிரூட்டி தந்தால் ஓட்டுநர் தூங்கிவிடுவார் என்ற பேச்சை நாமே எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! குளிரூட்டிய அறையில் அமர்ந்து கோப்பு பார்க்கும் எவரைப் பற்றியும் அப்படியோர் ஐயம் எழுந்ததில்லை. பெரம்பூரில் உருவாகி 2019-இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத்தில் தனி எஞ்சின் கிடையாது. ஓட்டுநர் அறை பயணியர் பெட்டியோடு சேர்ந்தது. அங்கே குளிரூட்டி முதல் நாளிலிருந்தே இருந்தது. எஞ்சின் மறைந்து, ஓட்டுநர் பெட்டிக்காரர் ஆனதும் அவருக்குக் குளிர் காற்று கிடைத்துவிட்டது. எஞ்சின்காரராக இருந்தவரை அது சலுகை. பெட்டிக்காரரானதும் அது இயல்பு. நாம் தொடக்கத்தில் சொன்ன பிரிவினை இலக்கியக் கூட்டத்தில் மட்டும் இல்லை என்பது இப்போது விளங்கும்.

பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். சுரேகா யாதவ் 1980-களின் இறுதியில் உதவி ஓட்டுநராகச் சேர்ந்து, நாட்டின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று போற்றப்பட்டார். 2011-இல் டெக்கான் குயினை ஓட்டினார். 2023-இல் வந்தே பாரத்தை ஓட்டினார். 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். ஒவ்வொரு மகளிர் நாளிலும் அவர் படத்தைப் போட்டு மகிழ்ந்தோம். அவர் பணியில் சேர்ந்தபின் எஞ்சினில் முதல் கழிவறை வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின என்ற கணக்கை யாரும் போடவில்லை. ஒரு பெண்ணை எஞ்சினில் ஏற்றுவது செய்தி. அவள் உடலுக்கு அங்கே இடம் செய்வது செலவு.

இடையில் பெயர் மாற்றமும் நடந்தது. ‘டிரைவர்’ என்ற சொல் போய் ‘லோகோ பைலட்’ வந்தது. சொல்லுக்கு நாம் எதிரியல்லோம். சோறு போடுவதே சொல்தான். ஆனால் விமானத்து பைலட்டிடமிருந்து பெயரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அவர் எழுந்து கழிவறைக்குப் போய்வரலாம் என்ற ஏற்பாட்டை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

பட்டம் வந்தபின்னும் பழி வருவது நிற்கவில்லை. 2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் கஞ்சன்ஜங்கா விரைவு வண்டியின் பின்னால் ஒரு சரக்கு வண்டி மோதியது. சரக்கு வண்டியின் ஓட்டுநர் இறந்தார். அன்றே உயர்மட்டத்திலிருந்து வந்த முதல் விளக்கம், அவர் சமிக்ஞையை மதிக்கவில்லை என்பது போல் இருந்தது. பதில் சொல்ல அவர் உயிரோடில்லை. பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை பின்னர் வந்தது. பழுதுபட்ட சமிக்ஞைகளைக் கடக்கத் தரப்பட்ட அனுமதித் தாளிலிருந்து, பணியாளருக்குப் போதிய பயிற்சி தராதது வரை பல படிகளில் பிழை இருந்ததை அது சொல்லிற்று. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்தோம்?

*

இனி இலக்கியத்துக்கு வருவோம். அன்று சிரித்த நண்பருக்கு இதையே சொல்ல விரும்புகிறோம்.

நம் அகப்பாடல்களில் பாகனுக்கு இடம் உண்டு. வலவன் என்பது அவனுக்குரிய அழகிய பெயர்களில் ஒன்று. வினை முடித்து மீளும் தலைவன் முல்லை நிலத்தின் ஊடே வருகிறான். மாலை கவிகிறது, வீட்டில் தலைவி காத்திருக்கிறாள். அந்த நேரத்தில் அவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். அடுத்தபடியாகப் பேசுவது தேர்ப்பாகனோடுதான். ‘பாகற்கு உரைத்தது’ என்று தனித்துறையே உண்டு. பின்னால் அமர்ந்திருப்பவனின் காதலும் தவிப்பும் முன்னால் இருப்பவனின் காதில் விழாமல் முல்லைத்திணை நகர்வதில்லை. அகநானூற்றின் நான்காம் பாடலில் வரும் தலைவன், பூங்கொம்புகளில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் கலங்குமே என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வண்டுக்காக மணியின் நாவைக் கட்டிய மரபின் வாரிசுகள் நாம். வண்டி ஓட்டுபவனின் வறண்ட நா நமக்குத் தெரியவில்லை.

நம்மவர்களுக்கு வேறொரு சங்கப் பாடல்தான் பிடித்துப்போயிற்று. வலவன் செலுத்தாத வானவூர்தி பற்றிப் புறநானூற்றில் ஒரு குறிப்பு வருகிறது. அதை மேடைதோறும் முழங்கி, அன்றே ஆளில்லா விமானம் கண்டோம் என்று மார்தட்டுவோர் பலர். ஓட்டுபவன் இல்லாத ஊர்தியில் நமக்குள்ள பெருமையில் பத்தில் ஒரு பங்கு அக்கறை, ஓட்டுபவன் உள்ள ஊர்தியில் இருந்திருக்கலாம்.

எஞ்சினைப் பற்றிக் கதை எழுதுங்கள் என்று நாம் கேட்கவில்லை. கட்டளைக்குக் கதை வராது. எஞ்சினைப் பற்றிக் கேட்டால் சிரிக்காதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.

ரயில்வேயிடம் நாம் வைப்பது ஒரே ஒரு கோரிக்கை. அதுவும் அவர்கள் மொழியிலேயே. கழிவறை இல்லாத ஒரு பெட்டியைத் தொலைதூர விரைவு வண்டியில் இணைக்க எந்த அதிகாரியும் கையெழுத்திடமாட்டார். பெட்டிகளுக்கு மின்சாரம் தரும் மாற்றி வேண்டிய இடத்தில், அது இல்லாத எஞ்சினை லிங்கில் எழுதமாட்டார். அதே பட்டியலில் இன்னொரு வரியைச் சேருங்கள்: கழிவறையும், அதைப் பயன்படுத்தக் கால அட்டவணையில் நேரமும் இல்லாத எஞ்சின், பயணியர் வண்டிக்குத் தகுதியற்றது. இதை வசதிகளின் பட்டியலில் எழுதினால், நிதி வரும்போது வரும். தகுதிகளின் பட்டியலில் எழுதினால் அடுத்த லிங்கிலேயே வந்துவிடும். குளிர்பெட்டிக்கு அப்படித்தான் வந்தது.

வாசகர்களிடமும் ஒன்று கேட்போம். அடுத்தமுறை வண்டி ஏறுமுன் நேரமிருந்தால், நடைமேடையின் முன்கோடி வரை நடந்து செல்லுங்கள். எஞ்சினின் உடலில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். அதன் ஊர் எதுவென்று பாருங்கள். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பாருங்கள். அங்கே ஒரு முகம் இருக்கும். இறங்கும்போது நம்மில் யாரும் அதற்கு நன்றி சொன்னதில்லை. அவர் தண்ணீர் குடித்து எத்தனை மணி நேரமாயிற்று என்று கேளுங்கள். நம் மாணவரிடம் அன்று நாம் கேட்கவில்லை. புட்டியை மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் போய்விட்டோம்.